சாப்பாட்டு மேஜைக்குப் போகும் வழி

செலின் கேட்டது காதில் விழுந்தது. ரெஜினா சொன்ன பதில் விழவில்லை. அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவங்க சாப்பிட உட்காரும்போது அப்பாவுக்கு ரூம்லயே வச்சிரலாமாடி என்றுதான் செலின் மகளிடம் கேட்டாள். குரலைத் தணித்துத்தான் கேட்டாள். ஆனால் அடுப்படிக்கும் என் அறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். தணித்த குரல்தான் அதில் நன்றாகக் கேட்கும். விசில் அடங்கியபோது ரெஜினா பேசி முடித்திருந்தாள். செலின் எதற்கோ மெல்லச் சிரித்தாள். குழாயில் தண்ணீர் விழுந்தது. என்ன சொல்லியிருப்பாள்? சரிம்மா, அதுதான் நல்லது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தப்பில்லை. திண்டுக்கல்லிலிருந்து வருகிறவர்கள் முதல் தடவையாக வருகிறார்கள். பையன், அவன் அப்பா அம்மா, ஒரு சித்தப்பா. பெண் பார்க்க வந்த இடத்தில், பெண்ணின் தகப்பன் வாயோரத்தில் சாம்பார் வழிவதைப் பார்த்துக்கொண்டே அவர்கள் சாப்பிட வேண்டும் என்று என்ன இருக்கிறது. கேட்டால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். நானே சொல்வதும், எனக்குக் கேட்காது என்று நினைத்து அவர்கள் சொல்வதும் ஒன்றுதானே. ஒன்றுதான். இல்லை, ஒன்றில்லை. கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் தலையணை, மடியில் என் வலது கை. அதை நான்தான் எடுத்து மடியில் வைத்தேன், தூங்குகிற குழந்தையை எடுத்து வைப்பதுபோல. டெலிபோன் இலாகாவில் கேபிள் வேலை பார்த்த காலமெல்லாம் இந்தக் கைதான் குழிக்குள் இறங்கி, தலைமுடி மாதிரிக் கம்பிகளைப் பிரித்து, எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும். சோதனைக் கருவியைக் காதில் வைத்தால் யார் யாரோ பேசுவது பாதி வரி விழும். வரமாட்டேன்னு சொல்லிட்டாளா என்று ஒரு தடவை ஒரு பெண் குரல் கேட்டது. மீதியைக் கேட்கக் கூடாது, உடனே கழற்றிவிட வேண்டும். சாயங்காலம் சைக்கிளில் பாலக்கரைக்குத் திரும்பும்போது அந்தப் பாதிக்கு மீதியை நானே கட்டிக்கொண்டு வருவேன். கோபத்தில் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள் என்று. எப்போதும் நல்ல மீதியாகத்தான் கட்டுவேன். ஊரார் வீட்டுப் பேச்சுக்கெல்லாம் நல்ல மீதி கட்டின மனசு, சொந்த மகள் சொன்னதற்கு மட்டும் ஏன் இப்படிப் போகிறது.

கோயில் மணி அடிக்கிறது. மூவேளை ஜெபத்துக்கு இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோகிறேன். முதலில் இது பெரிய சங்கடமாக இருந்தது. இடது கையால் சிலுவை போடலாமா என்று ஃபாதரிடம் கேட்கச் சொன்னேன். அவர் வீட்டுக்கே வந்து, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கிற கையால் போடுங்க அமலதாஸ் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். ஜெபத்துக்குச் சரி. சோற்றுக்கு யார் வந்து சொல்வார்கள். ரெஜினாவும் பிரிட்டோவும் கைக்குழந்தையாக இருந்தபோது, தட்டில் இடது கை போனால், இந்தக் கை இல்லடா கண்ணு, அந்தக் கை என்று மெதுவாக நகர்த்தி விட்டோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாரும் அதை ஒரு சட்டமாகப் படிப்பதில்லை, தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று டாக்டருக்கும் தெரியாது. கை போன பிறகும் அது மட்டும் போகவில்லை. ஜன்னல் கம்பியில் வெயில் மஞ்சளாக வந்து நிற்கிறது, இன்னும் கொஞ்சத்தில் போய்விடும். எதிர் வீட்டு மாடியில் யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள். பசிக்கிறது. பசிக்கும்போது வலது கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. விரல் நுனியில் சோற்றின் சூடு. வாய்க்குப் போவதற்கு முன்னால் விரல் ஒரு தடவை சாப்பிட்டுவிடும், அது இல்லாமல் வெறும் நாக்கால் மட்டும் சாப்பிடுவது பாதிச் சாப்பாடுதான். ஸ்பூன் ஒரு இரும்பு. அதற்கு ரசமும் ஒன்றுதான், மோரும் ஒன்றுதான்.

அன்றைக்கு ரசம் சாதம். போன மழைக்காலம், வெளியே நல்ல மழை, மேஜையில் நானும் பிள்ளைகள் இரண்டு பேரும். பிசைந்து கை நிறைய எடுத்தேன். எடுத்தேன் என்றுதான் நினைத்தேன். கை மூடவில்லை. சோறு விரல்களுக்கு நடுவே வழுக்கி மேஜையில் விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. கையைப் பார்த்தேன். அது வேறு யாருடைய கையோ, மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தது. வலிக்கவில்லை. அதுதான் விசேஷம், கொஞ்சம்கூட வலிக்கவில்லை. செலினைக் கூப்பிட வாயைத் திறந்தால் அவள் பெயர் வரவில்லை, வேறு ஏதோ சத்தம் வந்தது. அப்புறம் நாற்காலியோடு சாய்ந்தது, டியூப் லைட், ரெஜினா என் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினது. ஆஸ்பத்திரிக்குச் செருப்பு எதற்கு என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எதுவும் இல்லை. நடு ரீலைக் கத்தரித்துவிட்டார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறேன், மேஜை, மழை, விழுந்த சோறு. மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபடி வரும் என்று ஒரு பயம். படித்தவன் பேசுகிற பேச்சா இது. நாற்காலியா ரத்தக்குழாயை அடைக்கிறது? இருந்தாலும் உட்காரும் நினைப்பு வந்தாலே உள்ளங்கால் குளிர்கிறது.

ஒரு தடவை உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இரவு. எல்லோரும் இருந்தார்கள். ரெஜினா ஸ்பூனைத் துடைத்து என் இடது கையில் கொடுத்தாள். முதல் வாய் போய்விட்டது. இரண்டாவது, வாயின் வலது ஓரத்தில் வழிந்தது. எனக்குத் தெரியவில்லை, அந்தப் பக்கம் மரத்துப் போயிருந்தது. எதிரே பிரிட்டோவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவன் என் தாடையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான், பாதித் தட்டோடு எழுந்து கை கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். செலின் என்னடா என்று பின்னாலேயே வாசல்வரை போனாள். நான் குனிந்து மீதியைச் சாப்பிட்டு முடித்தேன். மறுநாள், முதுகு வலிக்குது, இங்கேயே கொண்டு வந்துரு என்று செலினிடம் சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். அப்புறம் சொல்ல வேண்டியதில்லாமல் போனது. இருட்டுவதற்கு முன்னால் தட்டு கட்டிலுக்கே வந்துவிடும். பிரிட்டோ மேல் கோபம் இல்லை. அருவருப்பு என்பது தும்மல் மாதிரி, வந்த பிறகுதான் வந்தது தெரியும். இருபத்திரண்டு வயசுப் பையன். பார்க்க முடியவில்லை, எழுந்துவிட்டான். அவ்வளவுதான். அவ்வளவுதானா? அவனும் நானும் அதற்கப்புறம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். என்னைக் குளிக்க வைக்கிறான், பிசியோதெரபிக்கு வண்டியில் பின்னால் உட்காரவைத்து என்னைப் பிடித்துக்கொள்ள அக்காவையும் ஏற்றி மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறான். குளிப்பாட்டுகிறவனுக்கு என் உடம்பில் அருவருக்க என்ன பாக்கி? இங்கேதான் எப்போதும் முட்டிக்கொள்கிறேன். சோப்பு போட்டுவிடுகிறவன் சோற்றைப் பார்த்து ஏன் எழுந்தான். தெரியவில்லை. சுற்றிச் சுற்றி இங்கேயே வருகிறேன்.

நான் அறைக்குள் வந்ததும் மற்றவர்கள் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. எல்லாம் காதில் விழுகிறது. ரெஜினா ஆஸ்பத்திரி லேபிலிருந்து வந்ததும் தட்டை வாங்கிக்கொண்டு மேஜையின் ஒரு மூலையில் உட்காருவாள், காதில் இயர்போன், போனில் ஏதோ ஓடும். அவள் தனியாகச் சிரிப்பது இங்கே கேட்கும். பிரிட்டோ பைக் ஷோரூமிலிருந்து வரும்போதே வெளியில் சாப்பிட்டுட்டேன்மா என்று செருப்பைக் கழற்றுகிறபோதே சொல்லிவிடுவான். என்ன சாப்பிட்டான், எங்கே, யாரோடு, ஒன்றும் தெரியாது. முன்பு இதெல்லாம் கேட்காமலே தெரியும். மேஜையில் நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசினதில்லை. உப்புக் குறைச்சல், கரண்ட் எப்போது போச்சு, பக்கத்து வீட்டில் புது நாய், இவ்வளவுதான். ஆனால் அதற்கு அடியில்தான் எல்லாம் ஓடும். ரெஜினா பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு வாரம் தினமும் ரசம் மட்டும் கேட்டு வாங்கிக் கிண்ணத்தில் குடித்தாள், சோற்றைத் தொடவில்லை. அவளுக்கு நாங்கள் சொன்ன இன்ஜினியரிங் பிடிக்கவில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. வாயால் கேட்டிருந்தால் சரிப்பா என்றுதான் சொல்லியிருப்பாள். பிரிட்டோவுக்கு ஒரு பெண்ணோடு பழக்கம் ஏற்பட்டு, அது முறிந்ததும் தெரியும், அவன் சொல்லவேயில்லை. அப்பளத்தை நொறுக்கி நொறுக்கித் தூளாக்கித் தட்டின் ஓரத்தில் குவித்து வைத்தான். அவன் அக்கா அந்தத் தூளைத் தன் சாதத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது. மறுநாள் சாப்பிட்டான். இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது, உட்கார்ந்து பேசலாம் வா என்று கூப்பிட்டும் சொல்ல முடியாது. பக்கவாட்டில்தான் வரும். கை வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும்போதுதான் வரும். ஜன்னல் பக்கம் என் நாற்காலி. எதிரே பிரிட்டோ. வலப்பக்கம் ரெஜினா, மின்விசிறிக்கு நேர் கீழே. இடப்பக்கம் செலின். செலின் இடப்பக்கம் உட்கார்ந்து என்ன சாப்பிடுவாள்? எப்படிச் சாப்பிடுவாள்? யோசிக்கிறேன். நினைவுக்கு வரவில்லை. மூளையில் அடைப்பு வந்ததில் இதுவும் போய்விட்டதா? பிள்ளைகள் சாப்பிடுவது வருகிறது, விரல் விரலாக வருகிறது. செலின் என்றால் ஒரு கை வருகிறது, அதில் தோசை, தோள் பக்கமாக வந்து தட்டில் விழுகிறது. வளையல் சத்தம் வருகிறது. அடுப்படி வாசலில் முந்தானையால் கழுத்தைத் துடைப்பது வருகிறது. உட்கார்ந்தது வரவில்லை. நாலு நாற்காலி வாங்கினோமே. நாலாவதில் யார் இருந்தார்கள்.

கதவு திறந்தது. செலின்தான். எவர்சில்வர் தட்டில் தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டு, மேலே சாம்பார் ஊற்றி ஊற வைத்திருந்தாள், ஸ்பூனில் எடுக்கத் தோதாக. ஸ்டூலை இழுத்துத் தட்டை வைத்தாள். என் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினாள். அவள் கையில் மாவு காய்ந்திருந்தது. நான் கேட்க நினைத்ததைக் கொஞ்ச நேரம் நாக்கில் வைத்து உருட்டினேன். இப்போதெல்லாம் எதையும் சொல்வதற்கு முன்னால் அப்படித்தான், வழுக்குகிற சொல் எது என்று பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

"ரெஜினா என்ன சொன்னா?" என்றேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் முடிச்சைச் சரிசெய்வதுபோல என் பிடரிப் பக்கமே நின்றாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நான் உங்களுக்காகத்தான் கேட்டேன். புது ஆளுங்க முன்னாடி உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்னு."

"அவ என்ன சொன்னா?"

"அப்பாவுக்கு ரூம்ல வச்சா எனக்கும் அங்கேயே வச்சிருங்கங்கிறா. வர்றவங்க ஹால்ல சாப்பிட்டு முடிச்சிட்டு, கட்டில்கிட்ட வந்து பொண்ணைப் பார்த்துட்டுப் போகட்டுமாம்."

சொல்லும்போதே செலினுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. குழாய்ச் சத்தத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு. இதற்குத்தானா. எனக்கும் சிரிப்பு வந்தது, வாயின் ஒரு பக்கத்தில் மட்டும். என் சிரிப்பு இப்போது அப்படித்தான், பாதி வரி. செலின் எழப் போனாள், கல்லில் தோசை இருக்கிறது என்றாள். நீ எப்போது சாப்பிடுவாய் என்று கேட்டேன். எல்லாரும் ஆனப்புறம் என்றாள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்துவிட்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், ஜன்னலைப் பார்த்தாள். நேத்தா, ஏதோ சாப்பிட்டேன் என்றாள். எனக்கு என்னவோபோல ஆகிவிட்டது. துக்கம் என்று சொல்ல மாட்டேன். படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அந்த மாதிரி. தட்டை எடு என்றேன். பசிக்கலையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பசிக்குது, அங்கே கொண்டு போய் வை என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கையைக் கொடுக்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கைத்தடிக்கு அடியில் நாலு கால். முதலில் அது, அப்புறம் இடது கால், அப்புறம் வலது காலை இழுத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைக்குப் போகிற வழி தெரியும். மேஜைக்குப் போகிற வழியில் நடந்து நாளாயிற்று. அறை வாசலில் கால்மிதி, அதில் தடுக்கக் கூடாது. அப்புறம் தையல் மெஷின், அதன் மேல் மாதா சுரூபம், பக்கத்தில் பேட்டரி மெழுகுவர்த்தி. அப்புறம் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜில் கையை ஊன்றிக்கொள்ளலாம் என்றால் ஊன்ற வேண்டிய பக்கம் வலது பக்கம். திரும்பிப் போய்விடலாமா. முதுகு வலிக்கிறது என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், செலின் தட்டைத் திரும்பக் கொண்டு வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கே என்ன. ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டு இருக்கிறது, அதன் சூடு தொடையில் படுகிறது. ரெஜினா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே இடத்தில் விழுந்து பல் உடைந்தது, பால்பல். வேலை செய்தபோது குழியிலிருந்து ஏறி வெளியே வரும்போது மேலே நிற்பவன் கை கொடுப்பான். அந்தக் கையைப் பிடிக்கிற வரைக்கும் ஏற முடியும் என்று தோன்றாது. பிடித்துவிட்டால் ஏறினது தெரியாது. இங்கே மேலே யாரும் நிற்கவில்லை. ஹாலில் விளக்கு எரிகிறது. உள்ளங்கால் குளிர்கிறது. கைத்தடி, இடது, இழு. கைத்தடி, இடது, இழு. மேஜை விளிம்பு தெரிகிறது. அதன் மேல் என் தட்டு, ஜன்னல் பக்கம், அதே இடத்தில்.

ரெஜினா காதில் இயர்போனோடு குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நிழல் மேஜையில் விழுந்ததும் நிமிர்ந்தாள். ஒரு விநாடி. இயர்போனைப் பிடுங்கி மேஜையில் போட்டாள், காலால் என் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கேட்டுப் பார்க்கிறேன், ஒழுங்காகத்தான் அடிக்கிறது. நாலாவது நாற்காலியில் மடிக்காத துணி குவிந்திருந்தது, மேலே பழைய செய்தித்தாள், அதற்கும் மேலே ஒரு குடை. ஓ, இதுதான். எப்போதும் இதுதான் இருந்தது. துணியோ, பிள்ளைகளின் ஸ்கூல் பையோ, பிரிட்டோவின் ஹெல்மெட்டோ. வாசலில் வண்டிச் சத்தம். பிரிட்டோ செருப்பைக் கழற்றிக்கொண்டே, சாப்பிட்டுட்டேன்மா என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். வாசல்படியில் நின்றான். நான் அவனைப் பார்க்காமல் ஸ்பூனைப் பார்த்தேன். அவன் அடுப்படிக்குப் போய்க் கை கழுவும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழுவினான். ஒரு தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். சாப்பிட்டேன்னியே என்றாள் செலின் உள்ளேயிருந்து. அது பப்ஸ்மா என்றான்.

"ஜெபம் சொல்லுங்கப்பா," என்றாள் ரெஜினா.

நான் அறைக்குப் போனதிலிருந்து இந்த மேஜையில் யாரும் ஜெபம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இடது கையால் சிலுவை போட்டேன். இந்த உணவையும் எங்களையும் ஆசீர்வதியும் ஆண்டவரே என்பதில் ஆசீர்வதியும் வழுக்கியது. பாதிதான் வந்தது. மீதியைப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லி முடித்தார்கள். தக்காளிச் சட்னிக் கிண்ணம் வந்தது. நல்ல பாதியை இவன் எடுத்துட்டான்மா என்று ரெஜினா முறையிட்டாள். நீ போன் பார்த்துட்டே இருந்தா சட்னி காத்திருக்குமாக்கா என்றான் அவன். ஷோரூமில் இன்று ஒருவர் புது வண்டியை எடுத்து வாசலைத் தாண்டுவதற்குள் கீழே போட்டுவிட்டாராம், வண்டிக்குக் கீறல் இல்லை, அவருக்கும் இல்லை, அவர் வாங்கி வந்த பூசணிக்காய்தான் உடைந்ததாம். எப்படியும் உடைக்கத்தானே வாங்கினார் என்றாள் ரெஜினா. நான் சிரித்தேன், சிரித்ததில் சாம்பார் வழிந்திருக்க வேண்டும். பிரிட்டோ பேச்சை நிறுத்தவில்லை. பூசணிக்காயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டி, என் கழுத்துத் துண்டின் நுனியால் தாடையைத் துடைத்துவிட்டு, மறுபடி தோசையைப் பிய்த்தான். நான் முகத்தை நகர்த்தவில்லை. ஸ்பூனை எடுத்தேன், அடுத்த வாய் போனது. கல்லில் மாவு விழும் சத்தம். பிறகு பிரிட்டோ தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னைக்கு நான் சிரிச்சேன்ப்பா."

ஸ்பூனைத் தட்டில் வைத்தேன்.

"கையிலேருந்து சோறு விழுந்துச்சில்ல. நீங்க விளையாட்டுக்குப் பண்றீங்கன்னு நினைச்சு சிரிச்சேன். ரெண்டாவது தடவை விழுந்தப்பவும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து நீங்க சாப்பிட்டப்போ... உட்கார முடியலப்பா."

இதுதானா. கத்தரித்துப் போன நடு ரீலில் இதுதான் இருந்ததா. மழை, மேஜை, விழுந்த சோறு, என் மகனின் சிரிப்பு. எத்தனை சாயங்காலம் அங்கே போய் நின்றேன், இது மட்டும் கேட்கவேயில்லை. அவனுக்கு இது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ஒன்று, இந்தப் பக்கம் நான் ஒன்று. அவனிடம் என்ன சொல்வது. ஒரு தகப்பன் சொல்ல வேண்டியது ஏதோ இருக்கிறது, பெரிதாக, நன்றாக. நாக்கு அவ்வளவு தாங்காது.

"எனக்கு ஞாபகமே இல்லடா," என்றேன். "சாப்பிடு."

அவன் தலையாட்டினான். குனிந்து சாப்பிட்டான், வேகமாக. ரெஜினா தன் தட்டிலிருந்த சட்னியில் பாதியை வழித்து அவன் தட்டில் போட்டாள். அடுப்படி வாசலில் செலின் தோசையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தோசை அவள் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அந்தத் துணியை எடு என்று பிரிட்டோவிடம் சொன்னேன். எதுக்கு என்று கேட்டுக்கொண்டே எழுந்து, குடை, செய்தித்தாள், துணி எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளிச் சோபாவில் போட்டான். அம்மா உட்காரட்டும் என்றேன். நான் உட்கார்ந்தா யார் ஊத்துறது என்றாள் செலின், அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு என்கிற குரலில். ரெஜினா கையை நக்கிக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். செலின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவள் மாதிரி. தட்டில் ஆறிப்போன தோசை. அதை விளிம்பிலிருந்து ஆரம்பித்தாள். சுற்றி வந்து மொறுமொறுப்பான ஓரத்தையெல்லாம் முதலில் தின்றாள், நடுவிலிருந்த மெத்தென்ற பகுதியை வட்டமாக மிச்சம் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாபகத்தில் தேடினது தப்பு, அங்கே அது இருந்ததேயில்லை. இவள் எப்படிச் சாப்பிடுவாள் என்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்துகிறாள். சட்னியை நேரே தொடாமல் தட்டின் ஓரத்தில் இழுத்துத் தொடுகிறாள். என்ன பார்க்கிறீங்க என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உள்ளே தீய்கிற வாசனை வந்தது, ரெஜினா கரண்டியால் கல்லைச் சுரண்டினாள். செலின் உடனே எழப்போனாள். என் இடது கை அவள் மணிக்கட்டின் மேல் இருந்தது. எப்போது போய் அங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தேன். அவள் உள்ளே ஒரு தடவை பார்த்தாள், என் கையை ஒரு தடவை பார்த்தாள், நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். ரெஜினா கொண்டு வந்த தோசை தோசை மாதிரியே இல்லை, நாலு துண்டாக இருந்தது, ஒரு ஓரம் கறுத்திருந்தது, ஆவி பறந்தது. செலின் ஒரு துண்டை எடுத்து விரலை உதறினாள். ஊதினாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

"சூடா இருக்கு," என்றாள், யாரிடமோ புகார் சொல்வதுபோல.

பிரிட்டோ அடுப்படிப் பக்கம் திரும்பி, அம்மாவுக்கு இன்னொண்ணு ஊத்துக்கா என்றான்.